டீசல் ட்யூப்பில் ஈயம் நிற்குமா? எனக்கு நின்றது

ஸ்டீல் ட்யூப்பில் ஈயம் (பற்றவைக்கும் சால்டர்) நிற்கவே நிற்காது என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. எந்த ட்யூப், எப்படிப் பற்ற வைத்தார்கள் என்று கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இருக்காது.

எங்கள் தோட்டத்து டீசல் என்ஜினில், டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் ட்யூப் கிளாம்ப் கழன்று உரசி உரசியே விரிசல் விட்டுவிட்டது. பக்கத்துப் பட்டறையில் விரிசல் மேலேயே ஈயத்தை உருண்டையாக அப்பிக் கொடுத்தார்கள். என்ஜின் ஓடிய அதிர்விலேயே உருண்டை அப்படியே கழன்று வந்தது, அடியில் இரும்பு கறுப்பாகத்தான் இருந்தது, ஈயம் பிடிக்கவே இல்லை.

அப்புறம் நானே உட்கார்ந்தேன். ட்யூப்பைக் கழற்றி டீசல் வாடையே இல்லாமல் கழுவிக் காயவைத்து (நெருப்புக் காட்டப் போகிறோம், இதில் சோம்பல் கூடாது), விரிசல் விட்ட இடத்தை அறுத்தெடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் எமரி தாளால் வெள்ளி மாதிரி பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கமாக நுழையும் ஒரு பித்தளைக் குழாய்த் துண்டுக்குள் சொருகினேன். இடைவெளி 0.1 மில்லிமீட்டர் அளவில் இருந்தால்தான் ஈயம் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈயம் பிடிப்பதற்காக முதலில் தடவும் ஃப்ளக்ஸில், எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான ரோசின் இரும்புக்குப் பயன்படாது, துத்தநாகத்தைக் கரைத்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வேண்டும். 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 190 டிகிரிக்குள் முழுசாக உருகிவிடும், ஆனால் தீயை ஈயத்தில் காட்டாமல் குழாயில் காட்டி, மறுபக்கம் ஈயக் கம்பியால் தொட வேண்டும். சூடு சரியாக இருந்தால் கம்பி சட்டென்று உள்ளே போய், விளிம்பைச் சுற்றி மெல்லிய பளபளப்பான கோடு ஒன்று தெரியும். அதோடு நிறுத்திவிடலாம், மேலே அப்ப வேண்டியதில்லை.

ஆறியதும் சோடா உப்புத் தண்ணீரில் உள்ளும் புறமும் நன்றாகக் கழுவிவிடுங்கள், ஆசிட் மிச்சம் இருந்தால் துரு அங்கேதான் தொடங்கும். கிளாம்பையும் மாட்டிவிட்டேன், இன்றுவரை ஒரு சொட்டு இல்லை.

இதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் ட்யூப்பைக் கொண்டுவந்தார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அதில் அழுத்தம் 200 பாருக்கும் மேலே போகும், பீய்ச்சினால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். பிரேக் ட்யூப்பும் அப்படித்தான், புதுசு வாங்கிப் போடுவதுதான் வழி. குடிதண்ணீர்க் குழாய்க்கும் காரீயம் கலந்த இந்த ஈயம் வேண்டாம்.