மாநிலங்களவையில் நிறைவேறிய தனிநபர் மசோதா மக்களவையில் ஏன் முடங்கியது?

பொன்னிநதி (கேள்வி):

திமுக மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா தனிநபர் மசோதாவாக (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. அதன்பின் அது சட்டமாகவே இல்லை. 2019-ல் வந்த திருநர் சட்டம் வேறொரு மசோதா என்கிறார்கள்.

எனக்குக் குழப்பம் இதுதான். மாநிலங்களவை நிலுவையில் இருக்கும் மசோதா, மக்களவை கலைந்தாலும் காலாவதியாகாது என்று அரசியல் சாசனப் பிரிவு 107 சொல்கிறது. அப்படியானால் அங்கேயே பிறந்து அங்கேயே நிறைவேறிய மசோதாவுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? தனிநபர் மசோதா என்பதாலா, அல்லது எல்லா மசோதாவுக்கும் இதே ஆபத்து உண்டா?

அவைக்குறிப்பு:

பிரிவு 107-ஐ முழுதாகப் படியுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். நீங்கள் சொல்வது 107(4). அதில் ஒரு நிபந்தனை உண்டு: மசோதா மாநிலங்களவையில் நிலுவையில் இருக்க வேண்டும், மக்களவை அதை நிறைவேற்றியிருக்கக் கூடாது. அடுத்ததாக வரும் 107(5) என்ன சொல்கிறது? மக்களவையில் நிலுவையில் இருக்கும் எந்த மசோதாவும், மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் நிலுவையில் இருப்பதும், மக்களவை கலைந்தவுடன் காலாவதி.

மசோதா எந்த அவையில் பிறந்தது என்பதற்கு இங்கே பெரிய மதிப்பில்லை. கலைப்பு நாளில் அது எங்கே கிடக்கிறது, மக்களவையின் கை அதில் பட்டதா என்பதுதான் கணக்கு. சிவாவின் மசோதா மாநிலங்களவையைத் தாண்டி மக்களவையின் மேஜைக்குப் போய்விட்டது. தாண்டாமல் அங்கேயே கிடந்திருந்தால், கலைப்பால் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. 1992-ல் அறிமுகமான 79-வது அரசியல் சாசனத் திருத்த மசோதா (சிறு குடும்ப நெறி பற்றியது) எத்தனையோ மக்களவைகள் கலைந்த பிறகும் மாநிலங்களவையின் நிலுவைப் பட்டியலில் நீடித்தது இதனால்தான்.

அரசு மசோதாவுக்கும் இதே விதிதான். மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா 2008-ல் மாநிலங்களவையில் அறிமுகமாகி 2010 மார்ச் 9 அன்று அங்கே நிறைவேறியது. மக்களவையில் நான்கு ஆண்டுகள் எடுக்கப்படவே இல்லை. 2014-ல் 15-வது மக்களவை கலைந்ததும் செத்தது. 2023-ல் புதிதாக ஒரு மசோதா அறிமுகம் செய்து, இரு அவைகளிலும் மீண்டும் நிறைவேற்றித்தான் 106-வது திருத்தம் வந்தது. 2010-ல் விழுந்த வாக்குகளை இதற்குக் கணக்கில் எடுக்க வழியே இல்லை.

கூட்டத்தொடர் முடிவையும் கலைப்பையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தொடர் முடிவதால் எந்த மசோதாவும் காலாவதியாகாது, அது 107(3).

கல்லணைக்காரன்:

மேலே சொன்னது சரி. ஆனால் கலைப்பு என்பது கடைசி அடிதான். மசோதா 2015-லிருந்து 2019 வரை மக்களவையில் ஏன் நகரவில்லை என்று கேட்டால், தனிநபர் மசோதா என்பது மிகப் பெரிய காரணம்.

அமைச்சர் அல்லாத எந்த உறுப்பினர் கொண்டுவந்தாலும் அது தனிநபர் மசோதாதான், ஆளுங்கட்சிக்காரராக இருந்தாலும் சரி. ஒரு மாத நோட்டீஸ் வேண்டும். இதற்கென்று ஒதுக்கப்படுவது வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரம். அதிலும் ஒரு வெள்ளி மசோதாவுக்கு என்றால் அடுத்த வெள்ளி தீர்மானத்துக்கு. எந்த மசோதா முதலில் விவாதத்துக்கு வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். வெள்ளி மதியம் அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டால் அந்த வாய்ப்பும் போச்சு. பல உறுப்பினர்கள் வெள்ளி மதியமே தொகுதிக்குக் கிளம்பிவிடுவதால் கோரம் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) பிரச்சினை வேறு. மக்களவையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 பேர் இருக்க வேண்டும்.

பலரும் கவனிக்காத இன்னொரு முட்டுக்கட்டை பிரிவு 117(3). அரசின் தொகுப்பு நிதியிலிருந்து செலவு ஏற்படுத்தும் எந்த மசோதாவையும் குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் எந்த அவையும் நிறைவேற்ற முடியாது. பரிந்துரை என்றால் நடைமுறையில் அமைச்சகத்தின் சம்மதம். ஆணையம், நலத்திட்டம், உதவித்தொகை என்று எதை எழுதினாலும் இந்தப் பிரிவு வந்து நிற்கும். நல்ல மசோதாக்கள் பல அறிமுகத்தோடு நின்றுபோவது இங்கேதான்.

ஒரு அவை நிறைவேற்றிய தனிநபர் மசோதா மற்ற அவைக்குத் தானாக ஓடாது. அது மேஜையில் வைக்கப்படும். அந்த அவை உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்று, எடுத்துக்கொள்ளக் கோரி நோட்டீஸ் தர வேண்டும். மாநிலங்களவை உறுப்பினரான சிவா மக்களவையில் அதை முன்மொழிய முடியாது. பிஜு ஜனதா தளத்தின் பைஜயந்த் பாண்டா பொறுப்பேற்று 2016 பிப்ரவரியில் விவாதத்துக்குக் கொண்டுவந்தார். அந்த ஆகஸ்டிலேயே அரசு தன் சொந்த மசோதாவை அறிமுகப்படுத்தியது. அதன் பிறகு பழையது நகர இடமில்லை.

1952-லிருந்து சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14. கடைசியாக ஆனது 1970-ல், உச்ச நீதிமன்றத்தின் குற்ற மேல்முறையீட்டு அதிகாரத்தை விரிவாக்கிய மசோதா. அதற்குப் பிறகு ஒரு அவையையாவது தாண்டிய அரிதான தனிநபர் மசோதா சிவாவுடையது. அன்று திரும்பப் பெறும்படி அமைச்சர் கேட்டும் அவர் பின்வாங்காமல் வாக்கெடுப்பு கேட்டார். அது சிறிய காரியமல்ல. அரசைத் தன் மசோதாவோடு வரவைத்ததில் அதற்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

அவைக்குறிப்பு:

அரசின் மசோதா போன பாதையையும் சேர்த்துப் பார்த்தால் நடைமுறை இன்னும் தெளிவாகும். 2016 ஆகஸ்ட் 2-ல் மக்களவையில் அறிமுகம். பிறகு சமூகநீதித் துறை நிலைக்குழுவுக்கு அனுப்பினார்கள். இப்படி 24 துறைசார் நிலைக்குழுக்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். மசோதாவைக் குழுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. குழு சொல்வதை அரசு ஏற்றாக வேண்டும் என்பதும் இல்லை. 2017 ஜூலையில் அறிக்கை வந்தது. 2018 டிசம்பர் 17 அன்று 27 திருத்தங்களோடு மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் நிறைவேறுவதற்குள் 2019 மே மாதம் மக்களவை கலைந்தது. 107(5)-ன் இரண்டாவது பாதிப்படி அரசின் மசோதாவும் காலாவதி!

2019 ஜூலை 19-ல் மறுபடி அறிமுகம், ஆகஸ்ட் 5-ல் மக்களவை, நவம்பர் 26-ல் மாநிலங்களவை. தேர்வுக்குழுவுக்கு (ஒரு மசோதாவை ஆராய்வதற்கென்றே அமைக்கப்படும் உறுப்பினர் குழு) அனுப்பச் சொல்லி அங்கே சிவா கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. டிசம்பர் 5-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். சிவாவின் மசோதாவில் கல்வியிலும் அரசு வேலையிலும் 2 சதவீத இடஒதுக்கீடு இருந்தது. 2019-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. ஆகவே தொடர்ச்சி என்று எழுதாதீர்கள், பொருள் ஒன்று, மசோதா வேறு.

பொன்னிநதி:

இருவருக்கும் நன்றி, இப்போது புரிகிறது. ஒரு துணைக் கேள்வி. ஒரு அவை நிறைவேற்றி மற்ற அவை ஆறு மாதம் கிடப்பில் போட்டால் இரு அவைகளும் சேர்ந்து அமரும் கூட்டுக் கூட்டம் கூட்டலாமே? சிவாவின் மசோதாவுக்கு அது பொருந்தாதா?

கல்லணைக்காரன்:

எழுத்தளவில் பொருந்தும். பிரிவு 108 அரசு மசோதா, தனிநபர் மசோதா என்று பிரிக்கவில்லை. ஆனால் இரண்டு இடங்களில் சிக்கும்.

ஆறு மாதம் என்பது காலண்டர் கணக்கு அல்ல. கூட்டத்தொடர் முடிந்திருக்கும் நாட்களும், தொடர்ந்து நான்கு நாட்களுக்கு மேல் அவை ஒத்திவைக்கப்பட்ட நாட்களும் கழிந்துவிடும் என்கிறது 108(2). நாடாளுமன்றம் கூடும் நாட்கள் குறைவு என்பதால் அந்த ஆறு மாதம் நிரம்ப ஓராண்டுக்கு மேல் ஆகிவிடும். இரண்டாவது, கூட்டுக் கூட்டத்துக்கு அழைப்பவர் குடியரசுத் தலைவர். அமைச்சரவை ஆலோசனை இல்லாமல் அவர் அழைக்க மாட்டார். அரசுக்கு விருப்பமில்லாத மசோதாவுக்காக அந்த ஆலோசனை எங்கிருந்து வரும்?

இதுவரை மூன்றே மசோதாக்களுக்கு இது நடந்திருக்கிறது: 1961 வரதட்சணைத் தடை, 1978 வங்கிப் பணியாளர் தேர்வாணைய ரத்து, 2002 பொடா (பயங்கரவாதத் தடுப்பு). மூன்றும் அரசு மசோதாக்கள். பண மசோதாவுக்கும் அரசியல் சாசனத் திருத்தத்துக்கும் கூட்டுக் கூட்டமே கிடையாது, அதனால் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு இந்த வழி முதலிலிருந்தே அடைப்பு. போட்டித் தேர்வில் இந்த இடத்தில்தான் மாட்டிவிடுவார்கள்.

ஒன்று மட்டும் சொல்லலாம்: கலைப்புக்கு முன்பே கூட்டுக் கூட்டம் பற்றிக் குடியரசுத் தலைவர் அறிவித்துவிட்டால், பிறகு மக்களவை கலைந்தாலும் அந்த மசோதா சாகாது. அது 108(5).

மசோதாத்தேடி:

ஒரு மசோதா எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கச் செய்தித்தாள்களை நம்பாதீர்கள். 'நாடாளுமன்றத்தில் நிறைவேறியது' என்று ஒரு அவை நிறைவேற்றியதையே எழுதிவிடுகிறார்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் மசோதாவின் பெயரோடு ஆண்டையும் எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். 2016 திருநர் மசோதா, 2019 திருநர் மசோதா இரண்டுக்கும் ஒரே பெயர், ஆண்டும் எண்ணும்தான் பிரித்துக் காட்டும். அறிமுக வடிவம், ஒரு அவை நிறைவேற்றிய வடிவம், இரு அவையும் நிறைவேற்றிய வடிவம் என்று தனித்தனிக் கோப்புகள் இருக்கும். அறிமுக வடிவத்தை வைத்துக்கொண்டு சட்டத்தைப் பற்றி வாதிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 27 திருத்தம் ஏறிய மசோதாவில் அது எவ்வளவு தூரம் விலகும் என்று பாருங்கள்.

ஒப்புதல் கிடைத்த சட்டம் மத்திய அரசிதழின் பகுதி 2, பிரிவு 1-ல் வரும். அதோடு அமலுக்கு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் ஷரத்தில் 'மத்திய அரசு அறிவிக்கும் நாளில்' என்று இருந்தால் தனி அறிவிக்கை வேண்டும், அதை அரசிதழின் அதே பகுதி 2-ன் பிரிவு 3-ல் தேடுங்கள். திருநர் சட்டத்துக்கு அந்த நாள் 2020 ஜனவரி 10. சான்றிதழுக்கு யாரிடம், எந்தப் படிவத்தில் விண்ணப்பிப்பது என்பதைச் சொல்லும் விதிகள் 2020 செப்டம்பரில்தான் வந்தன.