முகத்திருப்பமும் நிறைபெயர்ப்பும்: ‘மறுசமநிலை’ குறித்து ஒரு மறுப்பு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வல்லரசு ஒன்று தன் படை, பணம், தூதாண்மை ஆகியவற்றின் அழுத்தத்தை உலகின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நகர்த்துவதற்கு ‘மறுசமநிலை’ என்பதையே கலைச்சொல்லாகக் கொள்ளலாம் என்று முந்தைய மடல்களில் ஏறத்தாழ முடிவாகியிருக்கிறது. ‘பிவட்’ (pivot, ஒரு புள்ளியில் நின்று திரும்புதல்), ‘ரீபேலன்ஸ்’ (rebalance, சமநிலையை மறுபடி அமைத்தல்) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் அது ஒன்றே போதும் என்றும் சொல்லப்பட்டது. இரண்டு கருத்திலும் எனக்கு உடன்பாடில்லை.

இவ்விரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்றாகத் தற்செயலாக வந்தவை அல்ல. 2011 அக்டோபரில் வெளிவந்த கட்டுரையில் அன்றைய அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஹிலாரி கிளிண்டன், ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள் தணியும் நிலையில் அமெரிக்கா ஆசிய-பசிபிக் பக்கம் திரும்பும் ஒரு ‘பிவட்’ புள்ளியில் நிற்பதாக எழுதினார். அடுத்த மாதம் ஒபாமா ஆஸ்திரேலியா சென்றபோது, டார்வினில் படிப்படியாக 2,500 அமெரிக்க மரைன் வீரர்கள் வரை சுழற்சி முறையில் இருப்பார்கள் என்று அறிவிக்கப்பட்டது; பத்திரிகைகள் ‘பிவட்’டைப் பிடித்துக்கொண்டன. ஆனால் 2012 ஜனவரியில் வெளியான அமெரிக்கப் பாதுகாப்பு வழிகாட்டு ஆவணம் ‘ரீபேலன்ஸ்’ என்றே பேசியது. ஒரு பக்கம் திரும்பினால் மறுபக்கத்துக்கு முதுகைக் காட்டியாக வேண்டும் என்ற மனக்குறை ஐரோப்பியக் கூட்டாளிகளிடமும் மேற்காசியக் கூட்டாளிகளிடமும் எழுந்ததால், சொல்லை மாற்றுவதே கொள்கையின் ஒரு பகுதியாயிற்று. தமிழில் இரண்டையும் ஒரே சொல்லால் மூடிவிட்டால் இந்த வரலாறு வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

முதலில் ‘பிவட்’. பழைய வீட்டுக் கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவுப் பலகையின் ஓரத்தில் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் முளையைக் குடுமி என்பார்கள், கீழ்க்குடுமி கல்லில் குடைந்த குழியில் நின்று சுழலும். ‘பிவட்’டின் நேர்பொருள் அந்தக் குடுமிதான். ஆனால் ‘ஆசியக் குடுமி’ என்று தலையங்கத்தில் எழுதினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ‘அச்சு’ என்பது ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகிய அச்சு நாடுகளுக்கு எப்போதோ போய்விட்டது. தவிர, 1904இல் பிரிட்டிஷ் புவியியலாளர் மக்கிண்டர் யூரேசியாவின் உட்பகுதியைக் குறிக்க இதே ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தினார். அங்கே அது ஓர் இடம், இங்கே ஒரு செயல். ‘திசைதிருப்பல்’ என்றால் ஏமாற்று வேலை என்ற பொருள் முந்திக்கொண்டு நிற்கும்.

நான் முன்வைப்பது ‘முகத்திருப்பம்’. தமிழில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றால் அதில் ஒரு புறக்கணிப்பும் இருக்கிறது. அது குறையல்லவா என்று கேட்கலாம். வாஷிங்டன் அந்த ஆங்கிலச் சொல்லைக் கைவிட்டதற்கும் அதே குறைதான் காரணம் என்பதால், இங்கே அது பொருத்தமாகவே படுகிறது.

இனி ‘ரீபேலன்ஸ்’. 2012 ஜூனில் சிங்கப்பூரில் நடந்த ஷாங்ரி-லா பாதுகாப்பு மாநாட்டில் அன்றைய அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் லியோன் பனெட்டா, பசிபிக்கிற்கும் அட்லாண்டிக்கிற்கும் இடையே ஏறத்தாழ 50:50 ஆக இருந்த கடற்படைப் பங்கீடு 2020க்குள் 60:40 ஆகும் என்றார். எண்ணைப் பாருங்கள்: சமமாக இருந்தது முன்பு, இனி இருக்கப்போவது சமமின்மை. அதைப் போய் ‘மறுசமநிலை’ என்று சொல்வது எண்ணுக்கே முரணானது. மேலும் ‘வலுச்சமநிலை’, ‘அதிகாரச் சமநிலை’ ஆகியவை போட்டி நாடுகளுக்கு இடையிலான நிலையைக் குறிப்பவை. இதுவோ ஒரே நாட்டின் கைக்குள் நடக்கும் பங்கீடு. ‘சீர்தூக்கம்’ என்று ஒரு நண்பர் எழுதியது அழகான சொல்தான், ஆனால் வல்லரசு தூங்கிவிட்டதாக நாளிதழ் வாசகர் எண்ணக்கூடும்.

எனவே ‘நிறைபெயர்ப்பு’, அதாவது நிறையை (எடையை) ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பெயர்ப்பது. ‘பெயர்த்தல்’ என்ற வினையில் உழைப்பு இருக்கிறது. கல்லைப் பெயர்த்தால் பழைய இடத்தில் பள்ளம் விழும் என்ற குறிப்பும் இருக்கிறது. ஜெர்மனியில் இருந்த இரண்டு அமெரிக்கத் தரைப்படைப் பிரிகேடுகள் 2012, 2013 ஆண்டுகளில் கலைக்கப்பட்டன; 2014 மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்டதும் அமெரிக்கப் படையினர் மீண்டும் சுழற்சி முறையில் கிழக்கு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டனர். ‘சமநிலை’யில் இந்தப் பள்ளம் தெரிவதில்லை. படையை மட்டும் குறிக்கும் சொல்லும் போதாது, ஏனெனில் தலைவரின் நேரமும் இதில் ஒரு நிறைதான்: 2013 அக்டோபரில் உள்நாட்டு நிதி முடக்கத்தால் ஒபாமா பாலி, புருணை மாநாடுகளுக்குப் போகாதது ஆசியாவில் பெரிதாகவே பேசப்பட்டது.

‘கடற்படையின் நிறையைப் பசிபிக்கிற்குப் பெயர்த்தது’ என்று சொல்லைப் பிரித்தும் எழுத முடிகிறது. ‘மறுசமநிலை’யை இப்படி வினையாக்கிப் பாருங்கள். ஆனால் 1968இல் பிரிட்டன் சூயஸுக்குக் கிழக்கே உள்ள தளங்களைக் கைவிட முடிவெடுத்ததற்கு இதை நீட்ட வேண்டாம். அது பெரும்பாலும் பணமுடையால் நேர்ந்த விலகல்.

முன்னொட்டாக ‘வட்டார’ என்பதைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு: சிங்கப்பூரில் அது இயல்பான வழக்கு. தமிழ்நாட்டிலோ வட்டாரம் என்றதும் வட்டார வளர்ச்சி அலுவலகம்தான் நினைவுக்கு வரும். இலங்கையில் பழகிய ‘பிராந்திய’ என்பதையே வைத்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை.

‘நிறை’ இயற்பியலில் வேறு பொருளில் நிலைத்துவிட்டது என்ற மறுப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன். அதற்கு ஈடான வேறு சொல்லை யாராவது தந்தால் மாற்றிக்கொள்கிறேன். ‘பெயர்ப்பு’ மட்டும் அப்படியே இருக்கட்டும்.