கடலுக்குள் படமும் வீடியோவும் எடுக்க எந்த டிஎஸ்எல்ஆர் வாங்கலாம்? (அவசரம்)

நிலாவெளிப் படகு:
வணக்கம். கடலுக்கடியில் படம், வீடியோ இரண்டும் எடுக்க நல்ல டிஎஸ்எல்ஆர் கமரா எது? கனனா, நிக்கொனா? சனிக்கிழமை கொழும்புக்குப் போகிறேன், அதற்குள் தெரிய வேண்டும். தண்ணீர் இப்போது கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. உடனே சொல்லுங்கள்.

மூதூர்க்காரன்:
தம்பி, கையில் எவ்வளவு காசு இருக்கிறது? எவ்வளவு ஆழத்துக்குப் போவீர்கள்? சிலிண்டர் போட்டுச் சுழியோடுவதா, மேலே மிதந்துகொண்டு குழாயால் மூச்சு விடுவதா? ஏற்கெனவே கமரா ஏதும் உண்டா? இது தெரியாமல் என்ன சொல்வது?

கச்சான்காற்று:
டிஎஸ்எல்ஆரே வேண்டாம். கோப்ரோ என்கிற சின்னக் கமரா ஒன்று வாங்குங்கள். புதிய மொடல்கள் 10 மீற்றர் வரை தண்ணீர் புகாத கூடு இல்லாமலே இறங்கும். நான் மூன்று வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறேன், நிலாவெளிக்கு முன்னால் உள்ள புறாமலைத் தீவின் சுறாக்களை அருமையாக எடுத்திருக்கிறேன்.

பத்துப்பாகம்:
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளைப் படித்திருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். சரி, இன்னொரு முறை சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

கடலில் கமரா இரண்டாவது. முதலாவது ஹவுசிங் என்கிற கூடு. ஒவ்வொரு மொடலுக்கும் தனிக் கூடு. கனன் 700டிக்குச் செய்த கூட்டுக்குள் 70டி போகாது, பொத்தான்கள் பொருந்தாது. கூட்டின் விலை பல வேளை கமராவின் விலையைத் தாண்டும். ஆகவே எந்த மொடலுக்குக் கூடு கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கமராவுக்குப் போக வேண்டும்.

அடுத்தது முன்கண்ணாடி. தட்டையான கண்ணாடியை வைத்தால் தண்ணீர் ஒளியை வளைத்து 18 மில்லிமீற்றர் லென்ஸை 24 மாதிரி ஆக்கிவிடும், பார்வை குறுகிவிடும். குவிந்த டோம் கண்ணாடி அகலத்தைத் திருப்பித் தரும். ஆனால் டோமுக்குப் பின்னால் இருக்கும் லென்ஸுக்கு எல்லாமே மிகக் கிட்ட இருப்பதாகத்தான் தெரியும். கிட்டப் போகஸ் செய்ய முடியாத லென்ஸ் அங்கே பயனில்லை. படத்தின் மூலைகள் மங்கினால் லென்ஸின் துளையை எஃப் 8, எஃப் 11 என்று சிறிதாக்குங்கள்.

1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரோடு சுழியோடிய மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமிமலையடியில் கடலுக்குள் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டது பிலிம் சுருள் காலத்தில். கரைக்கு வந்து கழுவும்வரை படம் எப்படி வந்திருக்கிறது என்று தெரியாது. இப்போது எல்லாம் கையில் இருந்தும் கேள்விகூடச் சரியாகக் கேட்கத் தெரியவில்லை.

உப்புவெளி அலை:
பத்துப்பாகம் அண்ணா, தகவல் சரி, அந்தக் கடைசி வரி தேவையில்லை. பிள்ளை அவசரத்தில் கேட்டிருக்கிறது.

தம்பி, வீடியோவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. டிஎஸ்எல்ஆரில் வீடியோவைத் தொடங்கினால் உள்ளே கண்ணாடி மேலே மடங்கிவிடும், பார்வைத்துளை இருண்டுவிடும். பின்திரையைத்தான் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் ஆழமில்லாத தண்ணீரில் அந்தத் திரை சரியாகத் தெரியாது. அதோடு பழைய மொடல்களில் வீடியோவின்போது போகஸ் முன்னும் பின்னும் அலையும். கனன் 2013இல் 70டியோடு டுவல் பிக்சல் என்கிற புதுப் போகஸ் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த அலைச்சல் குறைந்தது. வீடியோ முக்கியம் என்றால் 70டி, 80டி இரண்டில் ஒன்றுக்குக் கூடு தேடுங்கள்.

தம்பலகாமம்:
ஆழத்துக்குப் போவதில்லை என்றால் மேலே மாட்டும் பிளாஸ்டிக் பை போதாதா?

மூதூர்க்காரன்:
போதாது. 10 மீற்றரில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரு மடங்கு. ஐந்து மீற்றரிலேயே பை கமராவோடு ஒட்டிப் பொத்தான்களைத் தானாக அமுக்கும். என் மச்சான் ஒரு பையை நம்பிக் கமராவைப் பறிகொடுத்தான்.

நிலாவெளிப் படகு:
மன்னிக்கவும், நேற்று முழுக்கக் கடலில். சொல்ல மறந்துவிட்டேன். மாமா கனடாவிலிருந்து வந்தபோது தந்த 700டி இருக்கிறது, 18-55 லென்ஸோடு. கொழும்பில் ஒருவர் அதற்குரிய பழைய கூடும் டோமும் விற்கிறார். அதை வாங்குவதா, புதுக் கமரா வாங்குவதா என்றுதான் கேட்க வந்தேன். நிலாவெளியிலிருந்து ஆட்களைப் புறாமலைக்குப் படகில் கூட்டிப்போகிறேன். அவர்கள் மீன் பார்ப்பதைப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். சிலிண்டர் இல்லை, மூச்சுப் பிடித்துத்தான். நாலு, ஐந்து மீற்றர்.

பத்துப்பாகம்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மூதூர்க்காரன்:
அப்போ கதை வேறு. புதுக் கமரா வேண்டவே வேண்டாம். கூடு நல்ல நிலையில் இருந்தால் 700டி போதும். வீடியோவுக்கு ஆள் நிற்கும் தூரத்தில் ஒருமுறை போகஸ் பிடித்துவிட்டு, லென்ஸை அலையவிடாமல் அப்படியே எடுங்கள். லென்ஸை அகலமான 18 பக்கத்தில், எஃப் 8இல் வைத்தால் ஆள் சிறிது முன்பின் அசைந்தாலும் மங்கலாகத் தெரியாது.

உப்புவெளி அலை:
ஐந்து மீற்றருக்குள் என்றால் ஸ்ட்ரோப் என்கிற பிளாஷ் விளக்கும் வாங்க வேண்டாம், வெயிலே போதும். சிவப்பு நிறம் தண்ணீரில் முதலில் போய்விடும். அதனால் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கீழே கொண்டுபோய்ப் படம் எடுத்து, அதை வைத்து வைட் பலன்ஸை, அதாவது கமராவின் நிற அளவை, அமையுங்கள். ஆழம் மாறினால் திரும்பவும். படங்களை ரோ என்கிற பதப்படுத்தாத கோப்பாக எடுங்கள், பிறகு நிறத்தை மீட்கலாம். வீடியோவில் அவ்வளவு மீட்க முடியாது.

கச்சான்காற்று:
ஆட்களை எடுக்கும்போது கை ஆடும். ஒரு காலை முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) ஊன்றிக்கொண்டால் நிலையாக நிற்கலாம். நான் அப்படித்தான் எடுப்பது.

உப்புவெளி அலை:
தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். புறாமலை 2003இலிருந்து தேசியப் பூங்கா. நீங்கள் மிதித்தது கல் இல்லை, உயிர். சில வகை முருகை வருடத்துக்குச் சில மில்லிமீற்றர்தான் வளரும். நான் சின்னப் பிள்ளையாக அங்கே பார்த்த கொம்பு முருகைகளில் பல இப்போது உடைந்த சுள்ளிகளாகக் கிடக்கின்றன.

கச்சான்காற்று:
நான் செத்த கல்லில்தான் நிற்பேன். படகுக்காரர் நங்கூரம் போடுவதைவிட இது பெரிய குற்றமா?

நிலாவெளிப் படகு:
நாங்கள் மணலில்தான் நங்கூரம் போடுகிறோம் அண்ணா.

பத்துப்பாகம்:
செத்ததா உயிரோடிருக்கிறதா என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல உங்களால் முடியாது. என்னாலும் முடியாது. இருபது வருடமாகச் சுழியோடுகிறேன், இன்னும் ஏமாறுகிறேன். கை ஆடாமல் எடுக்க வேண்டுமானால் மிதப்பைப் பழகுங்கள். வேறு வழியில்லை.

மூதூர்க்காரன்:
சரி, விடுங்கள். தம்பி, காசு கொடுக்குமுன் ஒன்று செய்யுங்கள். கூட்டின் மூடியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஓ-றிங் என்கிற ரப்பர் வளையத்தைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் புதியது போட வேண்டும். பிறகு கமரா இல்லாமல் வெறும் கூட்டுக்குள் கடதாசித் துண்டு வைத்து மூடி, கல் கட்டி இறக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கடதாசி நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பில் கடலில் இறக்க விடாவிட்டால் வாளித் தண்ணீரிலாவது அமிழ்த்துங்கள், ஆனால் அது முழுச் சோதனை இல்லை.

உப்புவெளி அலை:
கூட்டை முற்றத்தில் வைத்து மூடாதீர்கள், புழுக்கம் உள்ளே போய் டோம் பனிக்கும். ஏசி அறையில் மூடுங்கள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை ஒன்று உள்ளே போடுங்கள். கரைக்கு வந்ததும் திறக்காமல் நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள். உப்பு காய்ந்தால் பொத்தான்கள் இறுகிவிடும்.

தம்பலகாமம்:
என்ன ஆனது? வாங்கினீர்களா?

நிலாவெளிப் படகு:
வாங்கினேன். வாளியில் ஒன்றும் வரவில்லை. இங்கே வந்து நாலு மீற்றரில் இறக்கினேன், கடதாசி நனைந்திருந்தது. ஓ-றிங்கில் தலைமயிர் ஒன்று. துடைத்து, கிரீஸ் பூசி மறுபடி இறக்கினேன், காய்ந்தபடியே வந்தது. நாளைக்குக் கமராவோடு போகிறேன். படகுக்கு ஆள் வந்துவிட்டார்கள், பிறகு எழுதுகிறேன்.