70 கொண்டை ஊசி வளைவும் அப்பாவின் தோளும்: 1972 ஜீப் பிக்கப்புக்குப் பவர் ஸ்டீயரிங் மாட்டலாமா?

மலைவண்டி:
எங்களுடையது 1972 மஹிந்திரா ஜீப், நீள வீல்பேஸ். தாத்தா வெறும் சேசிஸாக வாங்கிப் பின்தொட்டி கட்டியதால் ஆர்.சி.யிலேயே பிக்கப் என்றுதான் இருக்கிறது. கொல்லிமலையிலிருந்து மிளகும் அன்னாசியும் பலாவும் இறக்குகிறோம். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. அப்பாவுக்கு 66 வயது. வலது தோள் இறுகிப்போய்க் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை, ஆனாலும் சாவியை வேறு யாரிடமும் தர மாட்டார். பொலிரோவின் பவர் ஸ்டீயரிங் பாக்ஸை மாட்டித் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பழைய இரும்பு:
வேண்டாம் தம்பி. அந்தக் காலத்து ஜீப்பில் வருவது ராஸ் ஸ்டீயரிங் பாக்ஸ், ஸ்டீயரிங் சுற்றுவதை ராடின் அசைவாக மாற்றுகிற பெட்டி. அதிலிருந்து ஒரு ராட் முன்னால் போய், நடுவில் பின்னில் சுழல்கிற பெல் கிராங்க் என்ற நெம்புகோலைத் திருப்பும். அந்தக் கிராங்க் இரண்டு டை ராடுகளை இழுத்துச் சக்கரத்தைத் திருப்பும். 50 வருடத்தில் கிராங்க்கின் பின்னும் பேரிங்கும் தேய்ந்திருக்கும், முன் சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின்னில் கிரீஸ் காய்ந்திருக்கும். நோய் அங்கே இருக்கும்போது பாக்ஸை மாற்றி என்ன பயன்?

இன்னொன்று. 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் கடந்த, வணிகத்துக்கு ஓட்டாத வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிந்து 'வி.ஏ.' எண் வாங்கலாம். சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. சேசிஸை வெட்டி வெல்டிங் வைத்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

கோவை லேத்:
அண்ணா, வி.ஏ. எண் வாங்கினால் அந்த வண்டியில் பலாப்பழம் ஏற்ற முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சிலவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். புதுப் பதிவுக்குக் கட்டணமே 20,000 ரூபாய். இவர்கள் வண்டி சோறு போடுகிற வண்டி. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்வது நியாயமில்லை.

நான் இதுவரை ஆறு ஜீப்புக்குப் பவர் ஸ்டீயரிங் மாட்டியிருக்கிறேன். கிங் பின் புதிதாகப் போட்ட வண்டியும் அதில் உண்டு. அகல டயரும் முழுச் சுமையும் சேர்ந்தால் நல்ல கிங் பின்னும் கையை ஒடிக்கும். மலைவண்டி, உங்கள் வண்டியில் என்ன டயர்?

மலைவண்டி:
215/75 ஆர்15 போட்டிருக்கிறோம். பழைய குறுகிய 6.00-16 டயர் எங்கள் பக்கம் சரியாகக் கிடைப்பதில்லை.

பழைய இரும்பு:
பாதி விடை அதிலேயே இருக்கிறதே! தரையில் பதிகிற அகலம் கூடினால் நின்ற இடத்தில் திருப்புவது கனக்கத்தான் செய்யும். லேத் தம்பி, சட்டத்தையும் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நாளை எஃப்.சி.யில் நிறுத்தினால் அப்பாவா போய் நிற்பார்?

கோவை லேத்:
அதை நான் மறுக்கவில்லை. வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்காமல் வருகிற வண்டியை நான் தொடுவதில்லை.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். பாக்ஸை சேசிஸில் வெறுமனே போல்ட் போட்டு இறுக்கினால் சேசிஸ் நசுங்கும், பிறகு விரியும். உள்ளே கனமான குழாய்த் துண்டு வைத்து, வெளியே தகடு போட்டு, அதன் வழியாக போல்ட் போக வேண்டும். பெல் கிராங்க்கை எடுத்துவிட்டால் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற ராட், டை ராடுக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். சாய்வாக இருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானாகத் திரும்பும். பவர் பாக்ஸுக்கு எண்ணெய் தள்ளுகிற பம்ப்பை எஞ்சின்தான் ஓட்டும்; அதன் பெல்ட்டுக்கு எஞ்சின் புல்லியில் இன்னொரு பள்ளம் கடைய வேண்டும். இதையெல்லாம் பட்டறைக்காரர் உங்களிடம் பேசினாரா? பேசவில்லை என்றால் அவரிடம் கொடுக்காதீர்கள்.

ஏற்காட்டான்:
எலக்ட்ரிக் ஸ்டீயரிங் பார்க்கலாமே? சிறிய கார்களில் ஸ்டீயரிங் தண்டோடு சேர்ந்து வருகிற மோட்டார். பம்ப் வேண்டாம், ஹோஸ் வேண்டாம், சேசிஸில் கை வைக்க வேண்டாம். நான் போன வருடம் பழைய கார் ஒன்றிலிருந்து எடுத்து என் ஜீப்பில் போட்டேன். ஒரு விரலால் திருப்புகிறேன்.

கோவை லேத்:
அந்த மோட்டார் ஸ்டீயரிங் தண்டைத்தான் திருப்புகிறது. அந்த பலம் முழுவதும் ராஸ் பாக்ஸுக்குள் இருக்கிற இரண்டு சிறிய முளைகள் வழியாகத்தான் போக வேண்டும். ஏற்கெனவே தேய்ந்த முளை இன்னும் வேகமாகத் தேயும். கைக்கு லேசாக இருப்பதால் தேய்வது தெரியவும் தெரியாது. நின்ற இடத்தில் திருப்பும்போது பல பத்து ஆம்பியர் இழுக்கும். பழைய டைனமோ அதற்குப் போதாது.

பழைய இரும்பு:
இந்த ஒரு விஷயத்தில் லேத் தம்பியோடு நிற்கிறேன். ஆனால் எண்ணெய் பம்ப் வைத்த ஹைட்ராலிக்கிலும் எனக்கு ஒரு பயம் உண்டு. வளைவில் எஞ்சின் அணைந்தால் உதவி அந்த நொடியே நின்றுவிடும். பவர் பாக்ஸில் சுற்று குறைவு. உதவி இல்லாமல் அதைத் திருப்புவது பழைய பாக்ஸைவிடக் கனம். நல்ல கைக்கே கஷ்டம், தோள் இறுகியவர் என்ன செய்வார்?

மலைவண்டி:
இதை நான் யோசிக்கவே இல்லை அண்ணா. அப்பா இறக்கத்தில் சில நேரம் எஞ்சினை அணைத்துவிட்டு வருவார்.

கோவை லேத்:
அதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். பவர் ஸ்டீயரிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பழைய இரும்பு:
ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முன் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். லேசாக இருந்தால் கனம் டயரிலும் சுமையிலும் இருக்கிறது. அப்போதும் கனத்தால் பெல் கிராங்க்குக்குப் போகிற ராடைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்கைத் தனியாகவும் சக்கரத்தைத் தனியாகவும் திருப்புங்கள். எது இறுகுகிறதோ அங்கேதான் வேலை.

மலைவண்டி:
பார்த்துவிட்டேன். தூக்கிய நிலையிலும் கனம். ராடைக் கழற்றியதும் ஸ்டீயரிங் லேசாகச் சுற்றியது. சக்கரத்தைத்தான் இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது, இடது கிங் பின் கிட்டத்தட்டப் பிடித்தே இருக்கிறது. பெல் கிராங்க்கைக் கையால் ஆட்டினால் விரல் அகலம் ஆடுகிறது. அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

கோவை லேத்:
சரி, முதலில் கிங் பின், பேரிங், பெல் கிராங்க் மூன்றையும் மாற்றுங்கள். இடைவெளியைச் சரிசெய்ய வைக்கிற மெல்லிய தகடான ஷிம்மின் அளவு சரியாக வர வேண்டும், அவசரப்படாதீர்கள். பிறகு முழுச் சுமையோடு ஒருமுறை ஏறிப் பாருங்கள். அப்பாவின் தோள் அப்போதும் வலித்தால் பவர் ஸ்டீயரிங்தான் வழி என்பதில் நான் மாறவில்லை.

பழைய இரும்பு:
நானும் மாறவில்லை. குறுகிய டயருக்குச் சேலத்தில் இரண்டு கடையில் கேட்டுச் சொல்கிறேன்.