தெஹ்சில் ஷகர்கட், ஜில்லா குர்தாஸ்பூர்

1947 பிரிவினையில் ஊரை விட்டு வந்தவர்களைப் பற்றிய பேச்சில், இங்கே பலரும் வங்காளப் பக்கத்துக் குடும்பங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது பஞ்சாப் பக்கம்.

1994இல் வேலைக்காக டெல்லி போய், லாஜ்பத் நகரில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். பிரிவினையில் வந்த அகதிகளுக்காக உருவான பகுதி அது. வீட்டுக்காரரை எல்லாரும் பாவுஜி என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். சொந்த ஊர் எது என்று கேட்டால், "தெஹ்சில் ஷகர்கட், ஜில்லா குர்தாஸ்பூர். ஊர் போய்விட்டது, பேட்டா" என்பார். தெஹ்சில் என்றால் நம் தாலுகா. குர்தாஸ்பூர் இந்தியாவில்தானே இருக்கிறது, ரயிலேறினால் போய்விடலாமே என்று எனக்குக் குழப்பம். அட்லஸில் தேடினேன். குர்தாஸ்பூர் இருந்தது. ஷகர்கட் அதற்குள் இல்லை.

அட்லஸோடு கீழே போனேன். அன்று ராத்திரி வெகுநேரம் பேசினார்.

மாவட்டத்தில் நான்கு தாலுகா. 1941 கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் 51 சதவீதம். அதனால் தற்காலிகப் பிரிப்பில் முழு மாவட்டமும் பாகிஸ்தான் பக்கம். முடிவான எல்லைக் கோடு போட வேண்டியவர் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் வழக்கறிஞர். அதற்கு முன் இந்தியாவையே பார்த்திராதவர், ஜூலை 8 அன்று வந்து ஐந்தே வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரித்தார்.

பாவுஜிக்கு அப்போது 14 வயது. ஆகஸ்ட் 15 விடிந்தும் ஊர் எந்த நாடு என்று யாருக்கும் தெரியாது. மாவட்டம் இந்தியாவுக்குத்தான் வரும் என்று அவர் அப்பா நம்பினார். எருமை வேறு நிறைசினை, கன்று போடட்டும் என்று அம்மா தள்ளிப்போட்டார். 17ஆம் தேதி கோடு வெளியானது. மூன்று தாலுகா இந்தியாவுக்கு, ஷகர்கட் மட்டும் பாகிஸ்தானுக்கு. எருமையின் கட்டை அவிழ்த்துவிட்டுக் கிளம்பினார்கள்.

ராவி ஆற்றைக் கடந்து, இந்தியப் பக்கம் வந்த படாலாவில் ஒரு காலி வீட்டில் தங்கினார்கள். அந்த வீட்டு முஸ்லிம் குடும்பம் எதிர்த்திசையில் போயிருந்தது. முற்றத்துக் கொடியில் துணி காய்ந்தபடி இருந்ததாம். அம்மா அதை மடித்துத் தனியே எடுத்து வைத்தார், கேட்டு வருவார்கள் என்று.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று. ராட்கிளிஃப் அறிக்கையில் உள்ள தேதி ஆகஸ்ட் 12. சுதந்திர விழாக்கள் முடியட்டும் என்று கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் அதை வெளியிடாமல் வைத்திருந்தார். கலவரம் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது, சரி. ஆனால் ஒரு குடும்பம் மூட்டை கட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்த ஐந்து நாள் எவ்வளவு பெரியது!

ஷகர்கட் இப்போது பாகிஸ்தானின் நாரோவால் மாவட்டத்தில் இருக்கிறது. பாவுஜி வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததேயில்லை. அட்லஸைத் திருப்பித் தரும்போது மறுபடி எருமைப் பேச்சுக்கே வந்தார். கிடாரிக் கன்றாகத்தான் இருந்திருக்கும் என்றார்.