மேடையில் எடுப்பாக இருக்கும் அகலக் கோட், என் உடம்பில் இரவல் வாங்கியதுபோல் இருப்பது ஏன்?

நூல்கண்டு (கேள்வி)

பாரிஸ், மிலான் ஃபேஷன் வாரங்களின் காணொளிகளைப் பல ஆண்டுகளாக விடாமல் பார்த்து வருகிறேன். தோள் அகன்று, உடற்பகுதி தளர்ந்து, முழங்காலைத் தாண்டித் தொங்கும் கோட்டுகள் மேடைக்கு மேடை வந்துகொண்டிருப்பதைக் கண்டு, எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. அந்த நிறுவனங்களின் விலை எனக்கு எட்டாது என்பதால், சாதாரண ஆயத்த ஆடைக் கடையில் என் அளவைவிட இரண்டு அளவு பெரிய கோட் ஒன்றை வாங்கினேன்.

கம்பளி கலந்த கரும்பழுப்புத் துணி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கண்ணாடி முன் நின்றால் தோள் தையல் பாதிப் புஜம்வரை இறங்கியிருக்கிறது, கழுத்துப் பட்டி பிடரியைத் தொடாமல் விலகி நிற்கிறது, கையில் விரல் நுனிகள் மட்டுமே வெளியே தெரிகின்றன. பேருந்துக் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் கோட் முழுவதும் கூடவே மேலேறுகிறது. அலுவலகத்தில் ஒருவர், "அண்ணனுடையதா?" என்று கேட்டேவிட்டார். எனக்கு அண்ணன் இல்லை.

மேடையில் வருபவற்றை வேலை நாளில் அணிய வழி உண்டா, அல்லது அவை பார்த்து ரசிப்பதற்கு மட்டும்தானா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். இந்தக் கோட்டையாவது காப்பாற்ற முடியுமா?

கத்தரிமுனை

பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான வடிவ மாதிரி) வெட்டுவது என் தொழில் என்பதால் கோட்டிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் மேடையில் பார்த்தது பெரிய அளவுக் கோட் அன்று. அணிந்தவரின் அளவுக்கே, பெரிதாகத் தோன்றும்படி வெட்டிய கோட். ஆயத்த ஆடையில் அளவு ஏற ஏறக் கழுத்து, தோள், மார்பு, கைக்குழி (கையை இணைக்கும் திறப்பு), கை நீளம் எல்லாம் சேர்ந்தே ஏறும். மேடைக் கோட்டிலோ கழுத்து அணிபவரின் கழுத்தாகவே நிற்கும். அகலத்தைத் தோளிலும் முதுகிலும் மட்டும் சேர்த்து, அது சரிந்து விழாமல் இருக்க உள்ளே பேடும் (தோளுக்கான சிறு திண்டு) கான்வாஸும் (விறைப்பான உள்துணி) வைத்துத் தாங்குவார்கள்.

கையைத் தூக்கும்போது கோட் ஏறுவதற்குக் காரணம் கைக்குழி தாழ்ந்திருப்பதுதான். கைக்குழி அக்குளை ஒட்டி உயர்ந்திருந்தால் கை தனியாக அசையும். தாழ்ந்திருந்தால் கை இழுக்கும்போதெல்லாம் இடுப்புவரை உள்ள துணியும் சேர்ந்து வரும். பெரிய கைக்குழிதான் வசதி என்று தொழில் கற்கும் காலத்தில் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பிரித்துத் தைத்த உருப்படிகளின் கணக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அளவைக் கண்டபடி பெரிதாக்குவதும் மேடையில் நடந்ததுண்டு. பெல்ஜிய வடிவமைப்பாளர் மார்ட்டின் மார்ஜீலா 2000-ஆம் ஆண்டுத் தொகுப்பொன்றில் உடைகளை இத்தாலிய அளவு 78 என்ற மிகப் பெரிய அளவுக்குத் தைத்து மாடல்களுக்கு அணிவித்தார். உடை உடம்போடு ஒட்டாமல் நிற்பதே அங்கு சொல்ல வந்த செய்தி. உங்களுக்கு அந்தச் செய்தியைச் சொல்லும் நோக்கம் இல்லை என்று நினைக்கிறேன்.

கோட்டைப் பொறுத்தவரை, முதலில் கை நீளத்தை மணிக்கட்டு எலும்புவரை குறையுங்கள். மணிக்கட்டு தெரிந்துவிட்டால், மீதி அகலம் வேண்டுமென்றே வைத்ததுபோலத் தோன்றத் தொடங்கும். கைமுனைப் பொத்தான்கள் வெறும் ஒப்புக்குத் தைத்தவையாக இருந்தால் கீழிருந்தே குறைக்கலாம். துளை உண்மையாகவே வெட்டியிருந்தால் கையைத் தோளில் கழற்றித்தான் குறைக்க வேண்டும், அது செலவு. பட்டியைப் பிரித்து, நடுமுதுகுத் தையலின் மேற்பகுதியைச் சற்று உள்ளே பிடித்தால் பிடரி இடைவெளி அடங்கும். தோளையும் கைக்குழியையும் தொடாதீர்கள். வெட்டி எறிந்த துணியை எந்தத் தையல்காரராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

பழைய இதழ்

மேடைக்கு வரும் எல்லாமே அணிவதற்காகச் செய்யப்படுபவை அல்ல. 2022 செப்டம்பரில் பாரிஸில் கோப்பர்னி நிறுவனம் மாடல் பெல்லா ஹடீட்டின் உடம்பின்மீது இழை கலந்த திரவத்தைத் தெளித்து, அது காய்ந்து வெள்ளை உடையாக மாறுவதை மேடையிலேயே காட்டியது. அது ஒரு தொழில்நுட்பத்தை அறிமுகப்படுத்திய காட்சி; அதை அலுவலகத்துக்கு எப்படி அணிவது என்று கேட்பதில் பொருளில்லை.

ஆனால் அன்று யாரும் அணியமாட்டார்கள் என்று தோன்றிய உடையின் ஏதோ ஒரு கோடு, சில ஆண்டுகள் கழித்து எல்லோர் அலமாரிக்கும் வந்து சேர்வதுண்டு. 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்குவீன் இடுப்புக்கு மிகவும் கீழே இறங்கிய கால்சட்டைகளை மேடையேற்றியபோது பலர் முகம் சுளித்தார்கள். பத்தாண்டு முடிவதற்குள் இறங்கிய இடுப்பு ஜீன்ஸ் தெருவெங்கும் வந்துவிட்டது. பெண்கள் கால்சட்டையுடன் சில உணவகங்களுக்குள் நுழையவே தடை இருந்த காலத்தில், 1966-இல், பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஈவ் செயின்ட் லாரன்ட் ஆண்களின் விருந்துக் கோட்டைப் பெண்களுக்கென வெட்டித் தந்தார். இன்று அந்த உடையுடன் கூட்டத்துக்குப் போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆகவே ஒரு காணொளியைப் பார்க்கும்போது உடையை விட்டுவிட்டு, நீளம் எங்கே முடிகிறது, இடுப்பு எங்கே விழுகிறது, எந்த நிறத்தின் அருகில் எந்த நிறம் நிற்கிறது என்று கவனியுங்கள். அவற்றில் ஒன்றை எடுத்து, ஏற்கெனவே உங்களிடம் உள்ள துணிகளில் செய்து பாருங்கள். அவசரமும் வேண்டாம், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காட்டப்படுபவை அந்த ஆண்டின் இலையுதிர், குளிர்காலத்துக்கானவை என்பதால் அரை ஆண்டு அவகாசம் எப்போதும் உண்டு. அதற்குள் ஆசை தணிந்துவிடுபவை எத்தனை என்பதை நான் என் குறிப்பேட்டில் பார்த்திருக்கிறேன்.

ஆயிரம் மடிப்பு

மேலே உள்ளவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு உடையிலிருந்து ஒரு அம்சத்தை மட்டும் கிள்ளி எடுத்துக்கொள்வது என்பது பெரும்பாலும் பயத்துக்கு நாம் வைக்கும் நல்ல பெயர். அன்றாடத்துக்கென்றே உருவான உடைகளும் அந்த உலகத்தில் உள்ளன. ஜப்பானிய வடிவமைப்பாளர் இசே மியாக்கே 1993-இல் தொடங்கிய பிளீட்ஸ் ப்ளீஸ் என்ற மடிப்பு உடை வரிசை அதற்குச் சான்று. வழக்கமாகத் துணியை மடித்துவிட்டுத்தான் தைப்பார்கள். இங்கு உடையைப் பல மடங்கு பெரிதாக வெட்டித் தைத்து முடித்தபின், காகிதங்களுக்கு இடையில் வைத்து வெப்பத்தில் அழுத்தி மடிப்பை ஏற்றுகிறார்கள். பாலியெஸ்டர் என்பதால் அந்த மடிப்பு துவைத்தாலும் கலைவதில்லை.

பழைய பொருளாக வாங்கிய ஒரு மேற்சட்டை என்னிடம் உள்ளது. சுருட்டிப் பைக்குள் திணித்து, ஊர் போய் இறங்கி, உதறி அணிந்துகொள்கிறேன். இஸ்திரிப் பெட்டி அதைக் கண்டதேயில்லை. மேடையில் வந்த வடிவத்தில் ஒரு தையலைக்கூட நான் மாற்றவில்லை.

நூல்கண்டு

மூவருக்கும் நன்றி. பொத்தான்கள் ஒப்புக்குத் தைத்தவைதான் என்பதால் கை நீளத்தை இரண்டரை அங்குலம் குறைத்து வாங்கினேன். பிடரி இடைவெளியும் அடங்கிவிட்டது. கையைத் தூக்கினால் இன்னமும் ஏறுகிறது, அதை மன்னித்துவிட்டேன். கீழே அகலமான கால்சட்டையை விட்டுவிட்டுக் கணுக்கால் தெரியும் ஒடுங்கிய ஒன்றை அணிந்தபோது, காணொளியில் கண்ட அந்த உருவத்தின் சாயல் முதல் முறையாகத் தெரிந்தது.

கத்தரிமுனை அவர்களுக்கு இன்னொரு கேள்வி: தோள்பையை மாட்டினால் அந்தப் பக்கத்துப் பேட் உள்ளே நழுவிப் பின்னால் போய்விடுகிறது. இதற்கும் கழற்றித்தான் தைக்க வேண்டுமா?

கத்தரிமுனை

தேவையில்லை. பேட் ஒரே முனையில் மட்டும் பிடிக்கப்பட்டிருக்கும். லைனிங்கின் தோள் பகுதியில் நான்கு விரல் அளவு பிரித்து, பேடின் இரு முனைகளையும் தோள் தையலின் உள்மடிப்போடு கையால் தளர்வாகத் தைத்துவிட்டு மூடச் சொல்லுங்கள். நூலை இறுக்கினால் வெளியே குழி விழும், அதை மட்டும் தவறாமல் சொல்லிவிடுங்கள். அதுவரை பையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.