கரண்ட் போனால் நேரம் தவறும் டைமர்: மீன் தொட்டிக்கு எதை வாங்குவது?

காவேரிப்பட்டணம் கப்பி:

எல்லோருக்கும் வணக்கம். ஹாலில் இரண்டரை அடி தொட்டி வைத்திருக்கிறேன். ஏறக்குறைய 85 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கப்பி, கொஞ்சம் டெட்ரா, மூலையில் வாலிஸ்னேரியா செடி. 24 வாட் எல்இடி லைட், பின்பக்கம் தொங்கவிடும் ஃபில்டர் 12 வாட், ஏர் பம்ப் 5 வாட், 100 வாட் ஹீட்டர். இவ்வளவுதான் சாமான்.

நான் மாம்பழக்கூழ் ஆலையில் வேலை செய்கிறேன். சீசன் வந்துவிட்டால் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை ஷிப்ட். வீட்டுக்கு வந்து படுத்தால் எழுந்திருக்க இரண்டு மணி ஆகிவிடும். மீனைப் பார்க்க எனக்குக் கிடைக்கும் நேரமே மதியம் இரண்டிலிருந்து இரவு ஒன்பது வரைதான். அதனால் சுற்றிலும் சின்னச் சின்னப் பின் வைத்த, வட்டமான டைமர் ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு பின்னுக்குக் கால் மணி நேரம். இரண்டிலிருந்து ஒன்பதுக்கு 28 பின்னை அழுத்திவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

போன மாதம் எங்கள் பகுதியில் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாத அந்த எட்டு மணி நேரமும் டைமரும் நின்றுவிட்டது. அன்று முதல் லைட் இரவு பத்துக்கு எரிந்து காலை ஐந்துக்கு அணைகிறது. நான் ஆலையில் இருக்கும் நேரம் பார்த்து என் தொட்டி ஜொலிக்கிறது! ஹாலில் படுக்கும் அம்மா, "ராத்திரி முழுக்க மூஞ்சியில லைட் அடிக்குது, எனக்குத் தூக்கம் வேண்டாமா"ன்னு கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதற்குள் கண்ணாடி பச்சை பிடித்துவிட்டது.

இன்னொன்று. எல்லா வயரும் தொட்டி ஸ்டாண்டுக்குள் கிடக்கும் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் சொருகியிருக்கிறது. எந்த நாட்டுப் பிளக்கும் போகிற மாதிரி ஓட்டை உள்ள 180 ரூபாய் பாக்ஸ். நேற்று ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கினால் சூடாக இருந்தது. ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாகத் தீய்ந்திருக்கிறது. லோடு தாங்கவில்லையா? 16 ஆம்பியர் பாக்ஸ் வாங்க வேண்டுமா? டைமர் எந்த வகை வாங்கலாம்?

பாலக்கோடு ஃபைட்டர்:

நண்பா, என்னிடமும் அதே பின் டைமர்தான். கரண்ட் வந்ததும் கையால் வட்டைச் சுற்றி நேரத்துக்குக் கொண்டுவந்து விடுவேன். வேலை முடிந்தது. அதற்குப் போய் எதற்குச் செலவு? நான் டைமருக்குப் பின்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டு ஃபில்டரையும் அதிலேயே சொருகிவிட்டேன். ராத்திரி அது பாட்டுக்கு ஆஃப் ஆகும், கரண்ட் பில்லும் மிச்சம்.

தர்மபுரி வயர்மேன்:

முதலில் பாலக்கோடு தம்பிக்கு. ஃபில்டரை டைமரில் போடாதீர்கள். மீன் கழிவை முறிக்கும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில்தான் குடியிருக்கிறது. தண்ணீர் ஓட்டம் நின்றால் அதற்கு ஆக்சிஜன் கிடைக்காது. தினமும் ராத்திரி அதை மூச்சுத் திணற வைத்து, 12 வாட்டில் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள்? எட்டு மணி நேரம் நிறுத்தினால் ஒரு நாளைக்கு நூறு வாட் அவர்கூட வராது. ஒரு யூனிட் சேரவே பத்து நாளுக்கு மேல் ஆகும். ஹீட்டருக்கும் டைமர் வேண்டாம், சூட்டைப் பார்த்துத் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட் அதற்குள்ளேயே இருக்கிறது. டைமர் லைட்டுக்கு மட்டும்தான்.

இனி காவேரிப்பட்டணம் தம்பிக்கு. உங்கள் நான்கு சாமானையும் கூட்டினால் 141 வாட். 230 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், முக்கால் ஆம்பியர்கூட வராது. சாதாரண 6 ஆம்பியர் பாக்ஸ் இதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு லோடு சுமக்கும். அதனால் ஓட்டை தீய்ந்தது லோடால் அல்ல, லூஸ் கான்டாக்டால். எல்லா நாட்டுப் பிளக்குக்கும் இடம் கொடுக்கும் ஓட்டை எந்தப் பிளக்கையும் இறுக்கிப் பிடிக்காது. உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு மெல்லிசு, நாளாக நாளாக வாய் விரிந்துவிடும். பிளக்கின் பின் தகட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்போது அந்த இடத்தில் சின்னதாகப் பொறி பறக்கும், சூடு ஏறும், தகடு இன்னும் தளரும். இருக்கிற சாமானில் அதிகம் இழுப்பது ஹீட்டர் என்பதால் முதலில் தீய்வதும் அந்த ஓட்டைதான். முப்பது வருடமாகத் தீய்ந்த சாக்கெட் மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் லூஸால் போனதுதான்.

அந்தப் பாக்ஸை இன்றே தூக்கி எறியுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக, நம்ம ஊர் பின்னுக்கு மட்டும் ஓட்டை உள்ளதாக, ஒவ்வொரு ஓட்டைக்கும் தனி சுவிட்ச் உள்ளதாக வாங்குங்கள். தனி சுவிட்ச் எதற்கு என்றால், தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை மட்டும் அணைக்க வேண்டும். தண்ணீருக்கு வெளியே எரியும் ஹீட்டரில் பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடி டப்பென்று வெடிக்கும்.

பாக்ஸை ஸ்டாண்டுக்குள் போடாதீர்கள். தொட்டியிலிருந்து எது கசிந்தாலும் முதலில் வந்து சேரும் இடம் அது. சுவரில், தொட்டிக்குப் பக்கவாட்டில் ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்கை விடக் கீழே ஒரு தொங்கல் தொங்கி, அப்புறம் மேலே ஏறிப் பிளக்குக்குப் போக வேண்டும். வயரோடு வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. காசு செலவில்லாத பாதுகாப்பு இது. ஆனால் பத்து வீட்டில் ஒரு வீட்டில்கூட நான் பார்த்ததில்லை.

அதை விடப் பெரிய விஷயம் ஒன்று. உங்கள் மெயின் போர்டில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச், இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும், 'டி' என்று ஒரு பட்டனும் இருக்கும். எம்சிபி இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். எம்சிபி லோடு கூடினாலும் ஷார்ட் ஆனாலும்தான் விழும், தண்ணீரில் கரண்ட் கசிந்தால் அதற்குத் தெரியாது. நிறைய மீன் ஹீட்டர்கள் இரண்டு பின் பிளக்கோடுதான் வருகின்றன. எர்த்தே கிடையாது. கண்ணாடித் தொட்டிக்கும் தரைக்கும் தொடர்பில்லை, அதனால் விரிசல் விட்ட ஹீட்டர் தண்ணீருக்குள் சத்தமில்லாமல் கரண்டை விட்டுக்கொண்டிருக்கும், மீனும் நீந்திக்கொண்டிருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று நீங்கள் கையை விடும்போதுதான் கரண்டுக்கு வழி கிடைக்கிறது. அந்த நேரத்தில் கண் சிமிட்டுவதற்குள் விழுவது ஆர்சிசிபி மட்டும்தான். மாதம் ஒருமுறை அந்தப் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். அது இருந்தாலும், தொட்டிக்குள் கை விடும் முன் எல்லா சுவிட்சையும் அணைப்பதை விட்டுவிடாதீர்கள்.

டைமருக்கு வருகிறேன். பின் டைமருக்குள் இருப்பது கரண்டில் ஓடும் குட்டி மோட்டார். கரண்ட் நின்றால் அதுவும் நிற்கும். அது பழுதல்ல, அதன் பிறவிக் குணம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் ஒரு பாயின்ட் இழுத்து இதே டைமரை மாட்டலாம், நேரம் தவறாது. இல்லையென்றால் உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். கடையில் போர்டு லைட்டுக்கு நாங்கள் மாட்டுவதும் அந்த ஜாதிதான். வாங்கியதும் சில மணி நேரம் சும்மா சொருகிச் சார்ஜ் ஏற்றி, ஊசியால் ரீசெட் அழுத்தி, அப்புறம் நேரம் வையுங்கள். இன்னொரு சூட்சுமம்: பல டிஜிட்டல் டைமர்களில் ஆஃபிலிருந்து ஆட்டோவுக்குத் தள்ளினால் அடுத்த 'ஆன்' நேரம் வரும்வரை அணைந்தே கிடக்கும். பழுது என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஆனில் வைத்து ஆட்டோவுக்கு வந்தால் எரிந்தபடியே வரும்.

ஓசூர் அக்கா:

வயர்மேன் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் ஸ்மார்ட் பிளக் வைத்திருப்பதால் அதை மட்டும் சேர்க்கிறேன். போனிலேயே நேரம் மாற்றலாம், ஆலையிலிருந்தே லைட் எரிகிறதா என்று பார்க்கலாம். ஆனால் என்னுடையதில் பேட்டரி கிடையாது. கரண்ட் வந்து, வைஃபை மோடம் உயிர் பெற்று, இன்டர்நெட் கிடைத்த பிறகுதான் அதற்கு மணி என்னவென்றே தெரியும். உங்களுக்கு இரண்டு மணிக்கு லைட் எரிய வேண்டும். அந்த நேரத்தில் கரண்ட் இல்லாமல் மூன்று மணிக்கு வந்தால், 'ஆன்' கட்டளை தவறிப்போய் அன்று முழுக்க இருட்டாகவே கிடக்கலாம். எனக்கு அப்படித்தான் நடந்தது. ஒரே 'ஆன்' வைக்காமல் இரண்டு, மூன்று, நான்கு என்று மணிக்கு ஒரு 'ஆன்' வைத்துவிட்டேன், தொல்லை தீர்ந்தது. செயலியில் 'கரண்ட் வந்ததும் என்ன நிலை' என்று ஒரு அமைப்பு இருக்கும். லைட்டுக்கு ஆஃப் என்று வையுங்கள். இல்லாவிட்டால் நடு ராத்திரி கரண்ட் வந்ததும் எரிந்து, அம்மாவிடம் மறுபடி திட்டு வாங்குவீர்கள்.

தொங்கும் ஃபில்டரையும் கவனியுங்கள் தம்பி. கரண்ட் போய் வந்ததும் சில மாடல்கள் தண்ணீரை இழுக்க முடியாமல் வெறுமனே உறுமும். மோட்டார் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் மாடல் தானாகக் கிளம்பிவிடும். எட்டு மணி நேரக் கட்டுக்கு நான் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் தானே ஓட ஆரம்பிக்கும். எங்கள் ஊர் மார்கழிக் குளிரில்கூட 85 லிட்டர் தண்ணீர் சட்டென்று ஆறிவிடாது. ஹீட்டர் இல்லாமல் சில மணி நேரம் ஓட்டலாம், காற்று இல்லாமல்தான் முடியாது.

காவேரிப்பட்டணம் கப்பி:

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. ஆர்சிசிபி என்று போய்ப் பார்த்தால் எங்கள் போர்டில் பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டைதான் இருக்கிறது! ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெரு வயரிங் அண்ணன் வருகிறார். அதுவரை ஹீட்டரைக் கழற்றி வைத்துவிட்டேன். இந்தச் சித்திரை வெயிலில் அது எதற்கு என்று அம்மா கேட்டதும் நியாயம்தான். புது பாக்ஸ் சுவரில் ஏறிவிட்டது, வயரெல்லாம் தொங்கல் போட்டுத் தொங்குகிறது. ஹால் அழகு போயிற்று என்று ஒரு புகார் வந்திருக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டரும் இருக்கிறது, ஹால் ஃபேனுக்கும் டியூப் லைட்டுக்கும். ஃபில்டரை அதில் போட்டால் ஆர்சிசிபியோடு ஏதாவது சண்டை வருமா?

தர்மபுரி வயர்மேன்:

வரும், கவனமாக இழுக்காவிட்டால். இன்வெர்ட்டரிலிருந்து வரும் நியூட்ரலை (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) மற்ற லைன்களின் நியூட்ரலோடு சேர்த்து முறுக்கியிருந்தால் ஆர்சிசிபி காரணமே இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும். நிறைய பேர் அந்தத் தொல்லைக்குப் பயந்து அதைக் கழற்றியே போட்டுவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவரிடம் "இன்வெர்ட்டர் நியூட்ரலைத் தனியாகக் கொண்டுபோங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவருக்குப் புரியும். ஃபில்டரும் ஏர் பம்பும் லைட்டும் இன்வெர்ட்டரில் போகட்டும், ஹீட்டர் மட்டும் மெயினில் இருக்கட்டும். ஸ்கொயர் வேவ் (கரண்ட் அலை வழவழப்பாக இல்லாத வகை) இன்வெர்ட்டர் என்றால் ஏர் பம்ப் கொஞ்சம் கூடுதலாக இரையும், பயப்படாதீர்கள்.

காவேரிப்பட்டணம் கப்பி:

ஞாயிறு வேலை முடிந்தது. டிஜிட்டல் டைமர் மாட்டி மதியம் இரண்டு முதல் இரவு எட்டு வரை ஆறு மணி நேரமாகக் குறைத்துவிட்டேன், கண்ணாடிப் பச்சை போகும்வரை. நேற்று மதியம் ஒன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை, எழுந்து பார்த்தால் தொட்டி லைட் பாட்டுக்கு எரிகிறது. பழைய பின் டைமரை அம்மா எடுத்துக்கொண்டார், கொசு மருந்து மெஷினுக்கு. அது எத்தனை மணிக்கு ஓடினாலும் கொசு ஒன்றும் புகார் சொல்லாதாம்.